இடப்பக்கக் கதவு

மெர்சிங்
14 ஜூலை 2024

அத்தான்,

உங்கள் தொலைபேசி எண்ணை நான் தடுத்து வைத்திருப்பது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு வார்த்தை தடித்துவிடுகிறது. என் மகள் சாந்தினி வீட்டில் இருக்கும்போது அப்படிப் பேச விருப்பமில்லை. அதனால் எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள். நேரில் வர வேண்டாம்.

அக்காவின் எடை இப்போது நாற்பத்தொரு கிலோ. வலது கை இன்னும் தோளுக்கு மேலே எழும்பவில்லை. கஞ்சியும் மசித்த வாழைப்பழமும் சாப்பிடுகிறாள். பேச்சு திரும்பிவிட்டது. ஆள் திரும்பவில்லை. என்னை 'மிஸ்ஸி' என்று கூப்பிடுகிறாள், ஆஸ்பத்திரித் தாதி என்று நினைத்துக்கொண்டு. நான் நிஜமாகவே தாதி என்பதால் 'என்னம்மா' என்று கேட்டுக்கொண்டு போகிறேன். கூடப் பிறந்தவள் என்று சொன்னால் முகம் வெளிறிப்போகிறது. அதனால் சொல்வதை விட்டுவிட்டேன். உங்கள் பெயரை அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். பிப்ரவரி பதினொன்றாம் தேதி குளுவாங் கல்யாணத்துக்குப் போகும் வழியில் வளைவில் கார்க் கதவு தானாகத் திறந்து அக்கா ரோட்டில் விழுந்தாள் என்று நீங்கள் போலீசில் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் அப்பா ஐயாத்துரை மாமா விட்டுப்போன அறுபத்து மூன்றாம் வருஷத்துக் கார். அதில் பெல்ட் கிடையாது. அந்தக் கதவுப் பூட்டை அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் தங்காக்கில் நஜ்முதீன் என்பவரிடம் பழுது பார்த்தீர்கள். அப்படியானால் பழுது பார்த்தவர் பதில் சொல்ல வேண்டும் என்கிறார் வழக்கறிஞர்.

பூட்டில் என்ன கோளாறு இருந்தது, அவர் என்ன செய்தார், அன்று எப்படித் திறந்தது, எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள். காரைத் தொடாதீர்கள்.

விஜிதா


ஆயர் ஈத்தாம்
28 ஜூலை 2024

அன்புள்ள விஜிதா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நாற்பத்தொரு கிலோ என்று நீ எழுதியதிலேயே நின்றுவிட்டேன். கல்யாணப் புகைப்படத்தில்கூட அவள் அப்படி இருந்ததில்லை.

கேட்டதை எழுதுகிறேன். இடப்பக்கக் கதவு மூன்று வருஷமாகவே சரியில்லை. பூட்டுக்குள் இருக்கும் நாக்கு, கதவைச் சாத்தினால் தூணில் திருகியிருக்கும் தகட்டில் போய் இரண்டு படியாகக் கவ்வ வேண்டும். எங்கள் காரில் அந்த நாக்கின் முனை தேய்ந்து உருண்டுவிட்டது. உள்ளே ஸ்பிரிங் ஒன்று முறிந்திருந்தது. கீலும் இறங்கியதால் கதவு அரை விரற்கடை தொங்கியது. ஆகவே முதல் படியில் மட்டும் கவ்வும், இரண்டாவதில் ஏறாது. இரண்டு முறை வளைவில் திறந்துகொண்டது. ஷாமளா கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டே வருவாள். நான் சரி பண்ணுகிறேன், சரி பண்ணுகிறேன் என்று மூன்று வருஷம் ஓட்டிவிட்டேன். இங்கிலாந்திலிருந்து ஒரு பூட்டு வரவழைத்தேன். அது வலப்பக்கத்துக்கு உரியதாகப் போயிற்று.

ஜனவரியில் தங்காக்குக்குக் கொண்டுபோனேன். நஜ்முதீன் கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றிப் பூட்டை வெளியே எடுத்தார். தேய்ந்த முனையில் பற்றவைத்து இரும்பு ஏற்றி, அரத்தால் ராவி, பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். ஸ்பிரிங்கைத் தானே வளைத்துச் செய்தார். கீலைத் தூக்கி வைத்தார். தூண் தகட்டின் அடியில் மெல்லிய தகடு ஒன்று கொடுத்தார். காலையில் போனவன் மாலையில்தான் திரும்பினேன்.

அவர் நல்ல மனிதர், விஜிதா. வழக்கெல்லாம் வேண்டாம். ஓட்டியவன் நான். பழைய காரில் அவளை ஏற்றிப்போனவன் நான். குற்றத்தை என்மேல் வைத்துக்கொள்.

ஒரு முறை வந்து தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போகட்டுமா? கிட்ட வரமாட்டேன்.

சிறீகாந்தன்


மெர்சிங்
19 ஆகஸ்ட் 2024

அத்தான்,

பூட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு நடந்ததைப் பற்றி ஒரு வரி இல்லை. நில அளவை இலாகாவில் முப்பது வருஷம் படம் வரைந்தவர் நீங்கள். எதை வரைய வேண்டும், எதை விட வேண்டும் என்று தெரிந்தவர்.

அதனால் நானே தங்காக் போனேன். இரண்டு பஸ் மாறி, அக்காவைச் சாந்தினியிடம் விட்டுவிட்டு. துணிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருடைய பட்டறை இருக்கிறது. வாசலில் அவர் மனைவி மைமூன் பலகாரம் பொரித்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே கூப்பிட்டார்.

நஜ்முதீனிடம் நேரடியாகவே கேட்டேன்.

"சாத்தி, இழுத்துப் பார்த்து, குலுக்கிப் பார்த்துட்டுத்தாம்மா குடுத்தேன். நான் ரோட்டுல ஓட்டியும் பார்த்தேன். சார் கூடவே இருந்தாரு, அவரையே கேளுங்க."

"கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். கதவு தானா திறந்துச்சுன்னு போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்காரு."

அவர் ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். கையில் அழுக்கே இல்லை.

"சார் அப்படிச் சொன்னாரா?"

"ஆமா."

"அவரு பொய் சொல்ற ஆள் இல்லம்மா. அப்ப என் கைதான் தப்புப் பண்ணியிருக்கு."

இதை அவர் ஒத்துக்கொண்டதாகவே நான் எடுத்துக்கொண்டேன். பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடுகிற முகநூல் பக்கத்தில் அவர் படத்தையும், பட்டறையின் பெயரையும், அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்த படத்தையும் போட்டேன். ஆயிரக்கணக்கான பேர் பார்த்திருக்கிறார்கள். இனி அந்தப் பட்டறைக்கு ஒரு வண்டி போகாது. எனக்கு அதில் வருத்தம் இல்லை.

செப்டம்பர் ஏழாம் தேதி, சனிக்கிழமை, வழக்கறிஞர் ஏற்பாடு செய்த பொறியாளர் ஒருவர் ஜொகூர் பாருவிலிருந்து உங்கள் வீட்டுக்கு வருவார். பூட்டைக் கழற்றிச் சோதிப்பார். வீட்டில் இருங்கள்.

தூரத்திலிருந்து பார்க்கக் கேட்டிருந்தீர்கள். முடியாது.

விஜிதா


ஆயர் ஈத்தாம்
1 செப்டம்பர் 2024

விஜிதா,

பொறியாளர் வர வேண்டாம் என்று சொல்லிவிடு. பூட்டில் பழுது இல்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் கதவின் உள்பக்க அட்டையை நானே கழற்றினேன். உண்மையை எழுதிவிடுகிறேன், அந்த ஸ்பிரிங்கைக் கெடுப்பதற்காகத்தான் கழற்றினேன். குறடைக் கையில் எடுத்து அதன் கொக்கியைப் பிடித்தேன். கொஞ்சம் வளைத்துவிட்டால் போதும். பொறியாளர் பார்த்து, ஆமாம், இதுதான் காரணம் என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். நஜ்முதீனும் நம்பியிருப்பார். 'அவரு பொய் சொல்ற ஆள் இல்ல' என்று அவர் சொன்னதாக நீ எழுதியிருந்தாயே, அந்த வரி கண்ணில் நின்றது. குறடைக் கீழே போட்டுவிட்டேன். அது நல்ல குணத்தால் என்று நினைக்காதே. துணிச்சல் வரவில்லை, அவ்வளவுதான்.

அவர் பழுது பார்த்த பூட்டு இரண்டு படியிலும் கவ்வுகிறது. தோளால் இடித்தாலும் திறக்காது. கைப்பிடியை இழுத்தால்தான் திறக்கும்.

ஷாமளா இழுத்தாள்.

ஆறு மாதமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் வந்ததும் போலீஸ்காரர், "எப்படி விழுந்தாங்க?" என்று கேட்டார். பழைய காரைப் பார்த்தார், திறந்து கிடந்த கதவைப் பார்த்தார். "பூட்டு ரோசாக்கா?" என்று அவரே கேட்டார். கெட்டுப்போன பூட்டா என்று. நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலைத்தான் இத்தனை நாள் காப்பாற்றி வந்தேன்.

அன்று காலையிலிருந்தே அவள் சரியில்லை. கல்யாணச் சேலை கட்டியிருந்தாள், ஆனால் ஒரு பயணப் பையும் எடுத்து வைத்திருந்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. நான் கேட்காமலே விட்டவை நிறைய. பணி ஓய்வுக்குப் பிறகு அந்தக் கார்தான் எனக்குப் பேச்சுத்துணை என்று அவள் சொல்வாள், அது பொய்யில்லை. ஒரு வாரத்தில் நாங்கள் பேசிய வார்த்தைகளை ஒரு சிகரெட் அட்டையில் எழுதிவிடலாம்.

செம்பனைக்காடு தொடங்கும் இடத்தில் அவள் பேச ஆரம்பித்தாள்.

"என்னைக் குளுவாங் பஸ் ஸ்டேஷன்ல இறக்கிவிடுங்க. நான் கல்யாணத்துக்கு வரல."

"ஏன்?"

"இனிமே வீட்டுக்கும் வரல."

நான் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது அவளுக்கு நான் அங்கே இருப்பதாகத் தெரிந்திருக்கும். "வீட்டுக்குப் போய்ப் பேசலாம்" என்றேன். ஒவ்வொரு முறையும் அதைத்தான் சொல்வேன். வீட்டுக்குப் போய்ப் பேசியதே இல்லை.

"நிறுத்துங்க. இங்கயே இறங்கிக்கிறேன்."

"இறங்கி எங்க போவே?"

அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. பதில் இல்லை என்றதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது, விஜிதா. மறுபடியும் கேட்டேன். "சொல்லு. எங்க போவே? யாரு இருக்கா உனக்கு?" அவள் அழுதாள். இன்னொரு தடவை நிறுத்துங்க என்றாள். நான் வேகத்தைக் கூட்டினேன்.

கதவு திறந்த சத்தம் கேட்டது. காற்று உள்ளே வந்தது. கதவைத் திறந்தாலாவது நான் நிறுத்துவேன் என்று நினைத்தாளா, குதித்தாளா, பிடி நழுவியதா, எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. அவள் அழுவதைப் பார்க்கக்கூடாது என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியபோது இருக்கை காலியாக இருந்தது.

நஜ்முதீனை விட்டுவிடு.

சிறீகாந்தன்


மெர்சிங்
30 செப்டம்பர் 2024

அத்தான்,

நான்கு வாரமாக உங்கள் கடிதம் என் கிளினிக் பையிலேயே இருக்கிறது. உங்களைக் கொன்றுவிட வேண்டும் என்று மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். நான்காவதாக எழுதுவது இது.

பதினொன்றாம் தேதி காலை ஏழரை மணிக்கு அக்கா எனக்குப் போன் பண்ணினாள். இது சாந்தினிக்குக்கூடத் தெரியாது.

"விஜி, நான் இன்னைக்கு அங்க வந்துடட்டுமா? ஒரேயடியா."

நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சாந்தினிக்குப் பரீட்சை நெருங்கியிருந்தது. இரண்டே அறை உள்ள வீடு. இதெல்லாம் காரணமா என்று இப்போது கேட்டால் இல்லை. அக்கா இதற்கு முன்னாலும் இரண்டு மூன்று முறை இப்படிச் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் நான் சமாதானம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். எனக்குச் சலிப்பாக இருந்தது. அதுதான் காரணம்.

"இப்ப வேண்டாம்க்கா. அலமாக், இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு? அத்தான் குடிக்கிறாரா, அடிக்கிறாரா? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ லா."

அவள் 'சரி' என்றாள். பையை அதற்குப் பிறகும் ஏன் பிரிக்காமல் வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. வந்து நின்றால் சேர்த்துக்கொள்வேன் என்று நினைத்திருக்கலாம். நினைக்காமலும் இருந்திருக்கலாம்.

எங்கே போவாய் என்று நீங்கள் கேட்டபோது அவளால் பதில் சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் நான்.

பூட்டு திறந்துகொண்டது என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் சொன்னபோது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? அக்கா அங்கே மூளையில் ரத்தத்தோடு கிடக்கிறாள், எனக்கு ஆறுதல். அதற்காகத்தான் அந்த மனிதரை அவ்வளவு வெறியோடு துரத்தினேன் என்று இப்போது புரிகிறது. அவர் குற்றவாளியாக இருந்தால்தான் நான் வெளியே நிற்க முடியும்.

முகநூலில் போட்டதை எடுத்துவிட்டேன். எடுத்து ஒன்றும் ஆகவில்லை. மற்றவர்கள் அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு எங்கெங்கோ போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நடந்தது வேறு என்று நான் எழுதியதற்கு நாலு பேர்கூடப் பதில் போடவில்லை.

தங்காக் போங்கள். அவர் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். போலீசிலும் சொல்லுங்கள். உங்களை நான் மன்னிக்கவில்லை. என்னை மன்னிக்க இங்கே யாரும் இல்லை.

விஜிதா


ஆயர் ஈத்தாம்
20 அக்டோபர் 2024

விஜிதா,

காலை ஏழரை மணிக்கு நான் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஜன்னல் ஓரம் நின்று போனில் பேசுவதைப் பார்த்தேன். கல்யாண வீட்டாரோடு பேசுகிறாள் என்று நினைத்தேன். அதற்குமேல் அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

போலீசில் சொல்லிவிட்டேன். பழைய அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் கேட்டு எழுதிக்கொண்டு, கூப்பிட்டால் வாருங்கள் என்றார். இரண்டு வாரமாகிறது, யாரும் கூப்பிடவில்லை. கைது செய்வார்கள் என்று வீட்டைப் பெருக்கி, துணி மடித்து வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து அதையே உடுத்திக்கொண்டிருக்கிறேன்.

தங்காக்கில் பட்டறை மூடியிருக்கிறது. கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நஜ்முதீன் ஒரு உறவுக்காரரின் சாப்பாட்டுக் கடையில் கிளாஸ் கழுவுகிறார். மதியம் ஓய்வுக்கு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "மன்னிச்சிடுங்க சார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப பூட்டு புடிச்சுச்சா சார்?"

"புடிச்சுச்சு. இப்பவும் புடிக்குது."

அவர் சிரிப்பார், இல்லை என்னை அடிப்பார் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் பத்து மாதிரி நெனச்சுப் பார்த்துட்டேன் சார். ஸ்பிரிங்க அதிகமா காய்ச்சிட்டேனா, ராவும்போது ஒரு இழை கூடிப்போச்சா... கடைசியில ஒரு நாளு, ஒரு பையனோட வண்டிக் கதவக் கழட்டினேன். திருப்பி மாட்டத் தெரியல. எங்க கை வைக்கிறதுன்னே தெரியல. அன்னைக்குச் சாமான் எல்லாத்தையும் குடுத்துட்டேன்."

"திரும்ப வாங்கிக்கலாம். நான்..."

"இனிமே கை வராது சார்."

மைமூன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சத்தம் போடவில்லை.

"ஒரு வார்த்தை சார். அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவரு தொழுகையில உக்காந்து, ஒரு பொம்பளய நான் இப்படி ஆக்கிட்டேனேன்னு அழுவாரு. உங்க வீட்டம்மா பேரச் சொல்லித்தான் துவா கேட்பாரு. இப்ப வந்து இல்லைங்கிறீங்க. அழுததையெல்லாம் என்ன பண்றது? போயிடுங்க சார். இனிமே வராதீங்க."

வாசல் வரை நஜ்முதீன் கூட வந்தார். "வீட்டம்மா நல்லாயிடுவாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சிறீகாந்தன்


மெர்சிங்
10 நவம்பர் 2024

அத்தான்,

இருபத்து மூன்றாம் தேதி, சனிக்கிழமை, பத்து மணிக்கு வாருங்கள். பஸ்ஸில் வாருங்கள், அந்தக் காரில் வர வேண்டாம். மழை தொடங்கிவிட்டது. தீவுகளுக்குப் படகு நின்றுவிட்டதால் ஊர் வெறிச்சோடிக் கிடக்கிறது. வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமம் இருக்காது.

உங்கள் மேல் இரக்கப்பட்டு இதை எழுதவில்லை. நஜ்முதீன் வீட்டு வாசலில் நின்று கேட்ட பேச்சை என்னிடம் மறைக்காமல் எழுதினீர்கள். அதற்காக ஒரு முறை.

நீங்கள் யார் என்று அக்காவிடம் சொல்லக்கூடாது. கிளினிக்கில் எனக்குத் தெரிந்தவர் என்று சொல்லிக்கொள்கிறேன். அவளுக்குப் பயம் வந்தால் இரண்டு நாள் சாப்பிடமாட்டாள். தொடாதீர்கள். பழையதைப் பேசாதீர்கள்.

விஜிதா


மெர்சிங்
27 நவம்பர் 2024

அத்தான்,

நீங்கள் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டீர்கள். சொன்னபடி நாற்காலியைச் சுவர் ஓரம் போட்டு உட்கார்ந்தீர்கள். அக்கா உங்களிடம், "மழையில வந்தீங்களா, சாப்டீங்களா?" என்று கேட்டாள். எந்த ஊர் என்று கேட்டாள். ஆயர் ஈத்தாம் என்றதும், "அங்க ரோட்டோரம் பூச்சாடி விப்பாங்களே" என்றாள். அவள் வாயிலிருந்து ஒரு ஊரின் ஞாபகம் வந்தது இதுதான் முதல் தடவை. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். அடுத்தது என்ன வரும் என்று நீங்களும் முன்னால் குனிந்ததைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அவள் போர்வை நூலைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு மணி நேரத்தில் அவள் உங்களோடு பேசியது, கடைசி வருஷத்தில் உங்கள் வீட்டில் பேசியதைவிட அதிகமாக இருக்கும். நீங்களும் அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். மழை எப்போது நிற்கும், மீன் என்ன விலை விற்கிறது என்று. இப்படிப் பேச உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், தாங்க முடியவில்லை. கடைசியில்தான் நீங்கள் அழுதீர்கள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை.

நீங்கள் போன பிறகு நடந்ததை எழுத வேண்டுமா என்று நாலு நாள் யோசித்தேன். இனி உங்களிடம் எதையும் மறைப்பதில்லை என்று முடிவெடுத்ததால் எழுதுகிறேன்.

அக்கா என்னைக் கூப்பிட்டாள். "மிஸ்ஸி, வந்தவரு யாரு?"

"தெரிஞ்சவரும்மா."

"நல்ல மனுஷனா இருக்காரு. பாவம்." கொஞ்ச நேரம் கழித்து, "திரும்பவும் வருவாரா?" என்றாள்.

"வரச் சொல்லட்டுமா?"

அவள் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இறுக்கமாக.

"வேணாம். வேணாம்னு சொல்லிடு. எனக்கு என்னமோ பயமா இருக்கு."

அன்று மாலை சாப்பிடவில்லை. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் சாப்பிடவில்லை. நேற்றுதான் நாலு கரண்டி கஞ்சி இறங்கியது. இன்று காலையில்கூட, அந்த ஆள் வெளியே நிற்கிறாரா பார் என்று சாந்தினியை இரண்டு முறை அனுப்பினாள்.

வராதீர்கள், அத்தான்.

விஜிதா


ஆயர் ஈத்தாம்
5 டிசம்பர் 2024

விஜிதா,

வரமாட்டேன். அவளிடம் சொல்லிவிடு. அந்த ஆள் வெளியூர் போய்விட்டார், இனி இந்தப் பக்கம் வரவே மாட்டார் என்று உறுதியாகச் சொல், அவள் நம்பும்படி.

சாப்பிட்டாள் என்றால் மட்டும் ஒரு வரி எழுது. நான் இனி வரமாட்டேன் என்று நீ சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று எழுதாதே.

சிறீகாந்தன்